புட்டி திரும்பி வரும் நாள்

ஆய்வக எலியின் கூண்டில் நான்கு புட்டிகள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றவற்றில் 5, 10, 20 சதவீத ஆல்கஹால் கலந்த தண்ணீர். எதைக் குடிப்பது, எவ்வளவு குடிப்பது என்பதெல்லாம் எலியின் விருப்பம். சில வாரங்களில் ஒவ்வோர் எலிக்கும் ஓர் அளவு படிந்துவிடும்.

பிறகு ஆல்கஹால் புட்டிகளை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப மாட்டினால் என்ன ஆகும்? பழக்கம் விட்டுப்போய்க் குறைவாகக் குடிக்கும் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது. சில நாட்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. சின்க்ளேர், சென்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் இதை வெளியிட்டார்கள். குடித்துக்கொண்டே இருப்பதுதான் ஆசையை வளர்க்கும் என்றே நினைத்திருந்த எனக்கு, வெறும் இடைவெளியும் அதை வளர்க்கும் என்பது பெரிய அதிர்ச்சி.

எடுப்பதும் மாட்டுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. அமெரிக்காவின் இந்தியானாவில், அதிகம் குடிக்கும் எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உருவாக்கிய இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில், ஒரே ஒரு இடைவெளிக்குப் பின் வந்த அதிகக் குடியின் பாய்ச்சல் சீக்கிரம் அடங்கியது. இடைவெளிகள் கூடக் கூட அது நீண்ட நாள் நீடித்தது. இன்னோர் இனத்தில் முதல் இடைவெளி எதையும் காட்டவில்லை, பல முறை ஆன பிறகே பாய்ச்சல் தலைகாட்டியது. ஜெர்மனியில் ராய்னர் ஸ்பானகல் குழுவினர் இதே சுழற்சியை மாதக்கணக்கில் நடத்தினார்கள். எலிகள் வீரியம் கூடிய புட்டிகளை நாடின. வழக்கமாகத் தூங்கும் பகல் வேளையிலும் எழுந்து குடித்தன. குயினைன் கலந்து கசப்பாக்கியபோதும் விடவில்லை. சுவைக்காகக் குடிக்கும் எலி கசப்பில் நின்றிருக்கும்.

மூளையில் என்ன நடக்கிறது? ஆல்கஹால், நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற மூளை வேதிப்பொருளுக்குக் கைகொடுத்து, அவற்றைத் தூண்டும் குளூட்டமேட் என்ற இன்னொன்றின் வழியை மறிக்கிறது. மாதக்கணக்கில் இப்படி மறித்தால், மூளை, குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைக் கூட்டி ஈடுகட்டுகிறது. ஆல்கஹால் திடீரென நின்றதும் அந்தக் கூடுதல் தூண்டுதல் கட்டவிழ்கிறது. நடுக்கமும் வலிப்பும் வருவது இதனால்தான். இப்படி விலகும் ஒவ்வொரு தடவையும் அடுத்த விலகலைக் கடுமையாக்கும் என்ற கருத்தை 1978இல் பாலெஞ்சரும் போஸ்ட்டும் முன்வைத்தார்கள். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் தடாலென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

ஆனால் நடுக்கம் சில நாட்களில் தணிந்துவிடும். எலியின் பாய்ச்சலோ வாரங்கள் கழித்தும் வருகிறது. உடல் தேறிய பிறகும் எதிர்பார்ப்பு தேறாமல் நிற்கிறது.

இதை வைத்து, ‘அப்படியானால் நிறுத்தாமலே இருக்கலாம்’ என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. எலி குடியை விடவில்லை. அதனிடமிருந்து புட்டி பறிக்கப்பட்டது, அவ்வளவுதான். விட வேண்டும் என்ற முடிவோ, பேச்சுத் துணையோ, மருந்தோ அதற்குக் கிடையாது.

மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். குளூட்டமேட்டின் மிகைத் தூண்டுதலைத் தணிப்பதாகக் கருதப்படும் அகாம்ப்ரோசேட்டைக் கொடுத்தபோது, புட்டி திரும்பி வந்த நாளிலும் எலிகளின் பாய்ச்சல் குறைந்தது. குடியை நிறுத்தியவர்கள் மறுபடி அதில் விழாதிருக்க இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.