என்கிரிப்ஷன்: குறியாக்கமா, மறையாக்கமா?

மடிக்கணினியைத் தொலைத்தவர்கள் 'பாஸ்வேர்டு போட்டுத்தான் வைத்திருந்தேன்' என்று தம்மைத் தேற்றிக்கொள்வதுண்டு. அந்தக் கடவுச்சொல் இயங்குதளத்தின் வாசற்காவல் மட்டுமே. வன்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால், காவலைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லாமல் கோப்புகளைப் படித்துவிடலாம். வட்டில் எழுதப்படும் தரவு முழுவதையும், திறவுகோல் எனப்படும் இரகசிய எண் இல்லாதவருக்குப் பொருளற்ற எண்குவியலாகத் தெரியும்படி மாற்றிவைக்கும் முறையே ஃபுல் டிஸ்க் என்கிரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் எல்.யூ.கே.எஸ். ஆகியவை இவ்வேலையைச் செய்கின்றன. மூன்றுக்கும் அடிப்படை, 2001இல் அமெரிக்க அரசு தரநிலையாக ஏற்ற ஏ.இ.எஸ். என்னும் கணிதமுறை.

என்கிரிப்ஷனுக்கு வேரான 'கிரிப்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'மறைந்தது' என்பது பொருள். தேவாலயங்களின் அடியில் அமைந்த நிலவறையை ஆங்கிலத்தில் 'கிரிப்ட்' என்பதும் இவ்வேரிலிருந்துதான். என்கிரிப்ஷனுக்கான கணிதமுறையைக் குறிக்கும் 'சைஃபர்' என்னும் சொல்லோ வேறு வழியில் வந்தது. வடமொழியின் 'சூன்ய'த்தை அரபியர் 'வெறுமை' எனப் பொருள்படும் 'ஸிஃப்ர்' என்று பெயர்த்துக்கொள்ள, அது ஐரோப்பா சென்று முதலில் சுழியத்தையும் பின்னர் மறையெழுத்தையும் குறித்தது. கணக்குப் பாடத்தில் 'சைபர்' வாங்கியதாக நாம் சொல்வது அந்தச் சொல்லைத்தான். 'சைபர் குற்றம்' என்பதிலுள்ள சைபருக்கு இதனோடு உறவில்லை. அது கப்பலோட்டியைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

என்கிரிப்ஷனுக்குத் தமிழில் குறியாக்கம், மறைகுறியாக்கம், மறையாக்கம் என்னும் மூன்று சொற்கள் புழங்குகின்றன. முதலாவதை ஏற்பதற்கில்லை. 'அ' என்னும் எழுத்துக்கு ஒருங்குறியில் (யூனிகோடில்) 2949 என்னும் எண்ணைத் தந்திருப்பதே குறியாக்கம். அந்த அட்டவணை எல்லோருக்கும் பொது, அதில் இரகசியம் ஏதுமில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை இலக்கண நூலார் குழூஉக்குறி என்றனர். அது மறைப்பதற்கான குறிதான் என்றாலும், ஒருமுறை பொருள் தெரிந்துவிட்டால் அதோடு அதன் பயன் முடிந்துவிடும். மறையாக்கத்திலோ செய்முறை முழுவதும் ஊரறிய வெளியாகியிருக்கும், திறவுகோல் ஒன்றே மறைவாக இருக்கும். மறைகுறியாக்கம் பிழையற்ற சொல், ஆனால் நீளம். 'மறை' என்னும் வேரே கிரேக்க வேரின் பொருளைச் சரியாகத் தருவதாலும், எதிர்ச்சொல்லாக 'மறைநீக்கம்' எளிதில் அமைவதாலும், மறையாக்கமே பொருத்தம் என்பது என் கருத்து.

எனவே முழுத்தொடரையும் 'முழுவட்டு மறையாக்கம்' எனலாம். இன்றைய எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுவகைச் சேமிப்பகங்களில் சுழலும் வட்டு எதுவும் இல்லையென்றாலும், பழகிய சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'முழு' என்பதைத்தான் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: கணினி எழுவதற்கான சிறு பகுதி பெரும்பாலும் மறையாக்கப்படாமலே இருக்கும், திறவுகோல் ஏற்கப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் கோப்புகள் வழக்கம்போல் திறக்கும், அங்கிருந்து பென்டிரைவில் நகலெடுத்த கோப்புக்கும் இந்த மறைப்பு உடன்செல்லாது.