பிசியோ படிக்கிறவர்களும் ஜிம் சான்றிதழும்: விதி என்ன சொல்கிறது?

சேலம் ஐந்து ரோடு பக்கம் விடிகாலையில் ஜிம்மில் ட்ரெய்னர் வேலை, ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டோடு பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) வகுப்பு என்று இரண்டு வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் உண்டு. "உடம்பைப் பத்தித்தானே படிக்கிறேன், ட்ரெய்னர் சான்றிதழ் புதுப்பிக்காமலே தானா நிக்கும்" என்று இவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நிற்காது.

ட்ரெய்னர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்புகளில் ஏஸ் (ACE), நாஸம் (NASM) இரண்டின் சான்றிதழையும் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; ஏசிஎஸ்எம் (ACSM), என்எஸ்சிஏ (NSCA) என்றால் 3 ஆண்டு. அதற்குள் ஏஸ் 20 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. இதற்காகத் தனியாகக் காசு கட்டி ஆன்லைன் வகுப்பு வாங்குமுன் உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உடற்கூறியல், பயோமெக்கானிக்ஸ், எக்சர்சைஸ் ஃபிசியாலஜி போன்ற கல்லூரிப் பாடங்களையே கணக்கில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் பல்கலைக்கழகத் தேர்வும் இதுவும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். தேதி தப்பினால் கூடுதல் கட்டணம். ரொம்பத் தள்ளிப்போனால் முதலிலிருந்து பரீட்சை.

புதுப்பிக்கும்போது பலர் கோட்டை விடுவது சிபிஆரில், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவிப் பயிற்சி அட்டையில். வீடியோ பார்த்து வாங்கிய அட்டை போதாது. பொம்மையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, முழங்கை மடங்காமல், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக் காட்டிய பயிற்சியாக இருக்க வேண்டும். கல்லூரியில் பிஎல்எஸ் (சிபிஆர் சேர்ந்த அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) நடத்தினால் அந்த அட்டையை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதற்கும் ஆயுள் பெரும்பாலும் 2 ஆண்டுதான்.

பணமா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். புதுப்பிக்கும் கட்டணத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் ஒதுக்கலாம்.

இனி மறுபக்கம். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, "தம்பி, நீங்க பிசியோ படிக்கிறீங்களாமே, இந்த முட்டிய கொஞ்சம் பாத்து விடுங்க" என்கிறார். சங்கடம்தான். ஆனால் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021, பிசியோதெரபிஸ்டைச் சுகாதாரத் தொழிலர் வகையில் வைக்கிறது: குறைந்தது 3600 மணி நேரப் பட்டப்படிப்பு, பிறகு பதிவு. பதிவு செய்தவர் என்று பொய் சொன்னால் அபராதம். மீண்டும் மாட்டினால் சிறைகூட உண்டு. ஜிம் சான்றிதழ் இந்தப் பதிவுக்கு மாற்று இல்லை. ஆகவே ஸ்குவாட் எப்படிச் செய்வது என்று காட்டலாம். வீங்கிய முட்டிக்குச் சிகிச்சை சொல்லக்கூடாது. அந்த அண்ணனை அரசு மருத்துவமனை பிசியோ பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். விசிட்டிங் கார்டிலும் 'பிசியோ மாணவர்' என்றே போடுங்கள், 'பிசியோ' என்று மட்டும் வேண்டாம்.