வரைந்துவிட்டால் மறைந்துவிடுமா?

போன வாரம் சாலிகிராமத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு இளைஞர் வந்தார். கையில் பென் டிரைவ். அதில் 12 நிமிட அனிமேஷன் ஆவணப்படம். வடசென்னையில் தண்டலுக்கு, அதாவது கந்துவட்டிக்கு, பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் வாக்குமூலம். "முகத்தை மட்டும் மாத்தி வரைஞ்சு தர முடியுமா சார்? அவசரம்" என்றார். படம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. தண்டல்காரரின் ஆட்கள் அந்த அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, அவரிடமே போனில் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பேரைக்கூடச் சொல்லலை சார். எல்லாம் கார்ட்டூன்தான். எப்படித் தெரிஞ்சுதுன்னே புரியலை."

இந்த வருஷத்தில் இப்படி என்னிடம் வரும் மூன்றாவது படம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த அக்காவைப் பற்றிய சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அனிமேஷனில் எடுத்தால் ஆள் அடையாளம் தெரியாது என்ற நம்பிக்கை சினிமா படிக்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது, தொண்டு நிறுவனங்களிடம் இருக்கிறது, பத்திரிகையாளர்களிடமும் இருக்கிறது. இது தவறு. பாதி சரி, பாதி தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன். முழுத் தவறு.

ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரையுங்கள். கண் வேண்டாம், மூக்கு வேண்டாம், வாய் வேண்டாம். சென்னையில் யாரிடம் காட்டினாலும் எம்.ஜி.ஆர். என்பார்கள். முகமே இல்லாத படத்தில் ஆள் எப்படித் தெரிந்தார்? ஓவியன் வேலை அதுதான். புகைப்படத்தில் ஒருவரைப் பற்றிய எல்லாமே இருக்கும்; அவருக்கே உரியதும் இருக்கும், ஊருக்கெல்லாம் பொதுவானதும் இருக்கும். வரைபவன் பொதுவானதைத் தள்ளிவிட்டு, அவருக்கே உரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறான். நன்றாக வரையத் தெரிந்தவன் கையில் சிக்கினால் ஆள் இன்னும் கூடுதலாகத்தான் தெரிவார். மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, எதை மறைப்பது என்று பட்டியல் போட்டு வரைந்தால்தான் மறையும்.

அந்தப் படத்தை ரோட்டோஸ்கோப்பில் செய்திருந்தார்கள். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக அதன் மேலேயே கோடு போட்டிருக்கிறார்கள். 1915-இல் அமெரிக்க அனிமேட்டர் மாக்ஸ் ஃபிளைஷர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. தன் தம்பிக்குக் கோமாளி உடை மாட்டிப் படம்பிடித்து, அதன் மேல் வரைந்தார். உயிருள்ள மனிதனின் அசைவை அச்சு மாறாமல் பிடிப்பதற்கென்றே செய்த கருவி. அதைக் கொண்டுபோய் மறைப்பதற்குப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? அக்கா பேசும்போது வலது கையால் காற்றை வெட்டுவது அப்படியே இருந்தது. வருஷக்கணக்காகக் குடம் சுமந்து இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதும் இருந்தது. அதுவரை நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று மாலை டீக்கடையில் நின்றிருந்தால் கூட்டத்தில் கண்டுபிடித்திருப்பேன். 20 வருஷமாகப் பார்க்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

போனில் வரும் வீடியோவைக் கார்ட்டூன் ஆக்கும் செயலிகளும் இதே கதைதான். இயந்திரம் செய்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். போதாததற்கு, பல செயலிகளில் அசல் வீடியோ எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது.

பேக்கிரவுண்டு இன்னும் மோசம். தெருமுனையைப் போட்டோ எடுத்து அதையே டிரேஸ் செய்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மர், அதன் பக்கத்தில் கொடிக்கம்பம், சின்னப் பிள்ளையார் கோயில், வரிசையாக நீல டிரம். சென்னையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான முகவரி வேண்டுமா?

குரலும் அவருடையதே. சுருதியை இறக்கியிருந்தார்கள். சுருதி இறங்கினால் பேச்சின் ஓட்டம் மாறுமா? மூச்சு விடும் இடம் மாறுமா? அவர் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொலவடை படத்தில் நாலு முறை வருகிறது. தெருவில் வேறு யாரும் அதைச் சொல்வதில்லையாம். கடன் தொகையை ரூபாய் சுத்தமாகச் சொல்கிறார். தண்டல்காரரின் நோட்டில் அந்தத் தொகைக்கு எதிரே ஒரே ஒரு பெயர்தானே இருக்கும்?

"ஃப்ளீ படத்துல அவரோட சொந்தக் குரல்தானே?" என்று இளைஞர் கேட்டார். ஆமாம். 2021-இல் வந்த அந்த டேனிஷ் அனிமேஷன் ஆவணப்படத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்தவர் தன் சொந்தக் குரலில் பேசுகிறார். படத்தில் அவருக்கு வைத்த அமீன் என்பது புனைபெயர். ஆனால் அவர் பள்ளிக்கால நண்பரிடம் பேசினார், டென்மார்க்கில் குடியேறிப் பல வருஷம் கழித்துப் பேசினார், எது வெளியே தெரியலாம் என்று தானே முடிவெடுத்தார். நம் அக்கா தண்டல்காரரின் தெருவிலேயே இருக்கிறார். 2008-இல் வந்த இஸ்ரேலிய அனிமேஷன் ஆவணப்படம் வால்ட்ஸ் வித் பஷீரையும் பாருங்கள். அதில் வரும் நண்பர்களில் இருவருக்கு நடிகர்கள்தான் குரல் கொடுத்தார்கள். படம் பொய்யாகிவிடவில்லை. (அது ரோட்டோஸ்கோப் படம் என்று பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. வீடியோவைப் பார்த்துப் புதிதாக வரைந்தது.)

குழந்தைகள் விஷயத்தில் இது நம் இஷ்டமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம், 23-ஆம் பிரிவு: பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் ஊடகத்தில் வரக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. வரைந்த படத்துக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெரியவர்களுக்கும், தொலைவிலிருந்துகூட அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டல் கொடுமைக்குத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ராத்திரி வாசலில் ஆள் வந்து நிற்கும்போது சட்டம் வந்துசேர நேரம் ஆகும்.

வேலையில் இறங்குபவர்களுக்கு. பார்த்து வரைவதற்காக எடுக்கும் ரெஃபரன்ஸ் வீடியோவுக்குப் பாதிக்கப்பட்டவரை நடக்கவிடாதீர்கள். உங்கள் டீமில் ஒருவர் நடக்கட்டும், இன்னொருவர் கையசைக்கட்டும். குரலுக்கு டப்பிங் கலைஞரை அழையுங்கள், வேறு வட்டாரப் பேச்சு உள்ளவராகப் பாருங்கள். தெருவை வேறு தெருவாக்குங்கள். தொகையை "அம்பதாயிரத்துக்குள்ள" என்று சொன்னால் போதும். நடந்தது என்ன, யார் செய்தார்கள் என்பதைத் தொடாதீர்கள். மாற்றியவை எவை என்று படத் தொடக்கத்தில் எழுத்தாக வரும் முதல் கார்டிலேயே பார்ப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கோப்புக்கு அவர் பெயரை வைக்காதீர்கள். அசல் வீடியோவை யார் வேண்டுமானாலும் திறக்கும் டிரைவ் லிங்க்காக ஃப்ரீலான்சர்களுக்கு அனுப்பாதீர்கள். நன்றி கார்டில் அவருடைய மகளிர் குழுவின் பெயரைப் போடாதீர்கள், அதைப் போட்ட படத்தையும் பார்த்துவிட்டேன். அவர் வீட்டு வாசலில் செல்ஃபி எடுத்து ஸ்டோரி போடாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் சந்தேகம் இருக்கும். அதற்குத்தான் அனிமேட்டிக்: கரடுமுரடான ஓவியங்களை ஒலியோடு கோத்துச் செய்யும் முன்னோட்ட வரைவு. அவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். "யார் கண்ணில் பட்டால் பயம்?" என்று கேளுங்கள், அந்த ஆளின் கண்ணோடு இரண்டாம் முறை பாருங்கள். அவர் சம்மதித்தால், அவர் நம்பும் ஒரு தோழிக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். தோழி "ஏய், இது நீதானே!" என்றால் திரும்ப மேசைக்குப் போங்கள். விநாடிக்கு 12 ஓவியம் என்று வைத்தாலே 10 நிமிடப் படத்துக்கு 7,200. அனிமேட்டிக்கில் ஒரு நாளில் முடியும் திருத்தம், கோடுகளைச் சுத்தமாக்கி இறுதி செய்யும் கிளீன்-அப் முடிந்தபின் மாதங்களைத் தின்றுவிடும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. தண்டல்காரர் வந்து கதவைத் தட்டிய அந்த ராத்திரியில் எந்தக் கேமராவும் இல்லை. வரைந்திருக்க வேண்டியது அதை. 1915-இல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி லூசிடானியா பயணிகள் கப்பல் மூழ்கியதைப் படம்பிடிக்க யாரும் இல்லாததால்தான் அமெரிக்க அனிமேட்டர் வின்சர் மெக்கே 1918-இல் அதை வரைந்து காட்டினார். இவர்களோ நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை 12 நிமிடம் வரைந்திருக்கிறார்கள். அந்த ராத்திரியை வரைந்திருந்தால் அக்காவின் உடல் திரையில் வரவேண்டிய தேவையே பாதி குறைந்திருக்கும்.

முகத்தை மாற்றித் தரவில்லை. சுற்றிவிட்ட படத்தைத் திருத்துவதால் அக்காவுக்கு ஒரு பயனும் இல்லை என்று சொல்லி, முதலில் எல்லா இடத்திலிருந்தும் இறக்கச் சொன்னேன். ஒரு வழக்கறிஞரிடமும் அழைத்துப்போனோம். அக்கா இப்போது உறவினர் வீட்டில் இருக்கிறார். மகளின் பள்ளிதான் அவருக்குப் பெரிய கவலை.

இப்படி ஒரு படம் உங்கள் கையில் இருந்தால் கலர் போடுவதற்கு முன்னால் வாருங்கள். அனிமேட்டிக்கை எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் ஊரில் வேறு அனிமேட்டர் இருந்தால் அவரிடமாவது காட்டுங்கள்.