எடை குறையாத மாடும் இளைத்திருக்கலாம்

கன்று ஈன்று நான்கு வாரமான ஒரு கறவை மாட்டைப் பார்க்க அண்மையில் அழைத்திருந்தார்கள். அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு உலர்தீவனத்தை மட்டும் அசிரத்தையாகக் கடித்துக்கொண்டிருந்தது. "எடை இறங்கவே இல்லையே, டாக்டர்" என்று பண்ணைக்காரர் குறிப்பேட்டை நீட்டினார். ஈன்ற வாரத்தில் இருந்ததைவிட ஆறு கிலோதான் குறைவு. ஆனால் விலாவுக்குப் பின்னால் இடுப்புக் குறுக்கெலும்புகளின் நுனியில் கையை வைத்தபோது ஒவ்வொன்றும் தனித்தனியாக விரலில் தட்டுப்பட்டது. வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருந்தது. உடற்கொழுப்பு கரையும்போது இரத்தத்தில் சேரும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், கீட்டோசிஸ் என்ற ஆற்றல் பற்றாக்குறை நோய்க்கு எல்லையாகக் கொள்ளப்படும் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டியிருந்தது.

எடைமேடை பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்கிறோம். ஈன்ற பிறகு பாலுக்குத் தேவைப்படும் ஆற்றலைத் தீவனத்திலிருந்து முழுமையாகப் பெற முடியாத மாடு தன் கொழுப்பைக் கரைக்கிறது. அதே வாரங்களில் அது உண்ணும் அளவும் குடிக்கும் அளவும் கூடுவதால் முன்வயிறு கனக்கிறது. கரைந்த கொழுப்பின் இடத்தை வயிற்றிலுள்ள தீவனமும் தண்ணீரும் நிரப்பிவிட, மேடையில் தெரியும் எண் அசையாமல் நிற்கிறது.

கொழுப்பையும் நீரையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் கையாளும் வழி எளிமையானது. அளவு தெரிந்த கனநீரை, அதாவது டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த நீரை, இரத்த நாளத்தில் செலுத்தி, அது உடலெங்கும் பரவிய பின் இரத்தத்தில் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால் உடலின் மொத்த நீர் தெரிந்துவிடும். மனித உடலில் இதை ஹெவெசி, ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் 1934-இலேயே செய்து காட்டினார்கள். கொழுப்பு நீங்கலான உடலில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்பதால், நீரை 0.73-ஆல் வகுத்து, வரும் விடையை எடையிலிருந்து கழித்தால் கொழுப்பு கிடைக்கும். 600 கிலோ எடையும் 350 லிட்டர் நீரும் உள்ள மாட்டில் கொழுப்பு சுமார் 120 கிலோ. அதே எடையில் 380 லிட்டர் நீர் இருந்தால் கொழுப்பு 80 கிலோதான்.

இந்தக் கணக்கை அசைபோடும் விலங்கில் அப்படியே நம்பிவிடக் கூடாது. அளவெடுக்கும் முன் முதல் மாடு 30 லிட்டர் குடித்துவிட்டால், எடையும் நீரும் தலா 30 கூடி, விடையில் ஏறத்தாழ 11 கிலோ கொழுப்பு காணாமல் போய்விடும். உடலிலோ ஒரு கிராம்கூடக் கரைந்திருக்காது. முன்வயிற்று நீரோடு கனநீர் ஒன்றுகலக்கப் பல மணி நேரம் ஆவதும், டியூட்டீரியத்தில் ஒரு சிறு பங்கு நீரல்லாத சேர்மங்களின் ஹைட்ரஜனோடு இடம் மாறிக்கொண்டு, நீரின் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டுவதும் வேறு தொல்லைகள்.

அதே கனநீர் அடுத்தடுத்த நாள்களில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத் தொடர்ந்து அளந்தால் நீர்ச் சுழற்சி தெரியும். உடலில் 400 லிட்டர் நீர் இருக்கும் மாட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டர் வந்துபோகிறது என்று வைத்துக்கொண்டால், செலுத்திய கனநீரில் பாதி மூன்று நாள்களுக்குள் வெளியேறியிருக்கும். இந்த வரவில் குடிநீர் மட்டுமல்லாமல், தீவனத்தின் ஈரமும் உடலுக்குள் ஆற்றல் எரியும்போது உண்டாகும் நீரும் அடங்கும். செலவு பால், சாணம், சிறுநீர், மூச்சு, தோல் என்று பிரிகிறது. பாலில் 87 சதவீதம் நீர் என்பதால், 25 லிட்டர் கறக்கும் மாடு மடி வழியாக மட்டுமே 22 லிட்டர் அளவுக்கு நீரை இழக்கிறது.

பண்ணையில் கனநீருக்கு வேலையில்லை. நம் கைக்குத்தான் வேலை. இடுப்பையும் வாலடியையும் தொட்டுப் பார்த்து, மிக மெலிந்ததற்கு ஒன்று, மிகக் கொழுத்ததற்கு ஐந்து என்று தரும் உடற்கட்டு மதிப்பெண்ணை, ஒரே ஆள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இட வேண்டும். ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் கொழுத்திருக்கும் மாடுதான் ஈன்றபின் தீவனத்தைக் குறைத்துக்கொண்டு வேகமாக இளைக்கும் என்பதை, "நன்றாகத் தேறியிருக்கிறது" என்று மகிழ்பவர்களிடம் புரியவைப்பது எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. எடை போடுவதானால் தினமும் ஒரே வேளையில், கறந்தபின், தண்ணீர் காட்டும் முன் போடுங்கள்.

நான் பார்த்த பண்ணையில் தொட்டியையும் எட்டிப் பார்த்தேன். அடியில் பாசி; மிதவைக் குழாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர். கறவை முடிந்து தாகத்தோடு வரும் மாடு நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை உறிஞ்சும். இரண்டு பெரிய மாடுகள் குடித்து முடித்தபோது தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நமது நோயாளி பின்னால் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, குடிக்காமலேயே கொட்டகைக்குத் திரும்பிவிட்டது.