இழுத்துத் தைத்தால் பிய்யும்: குடலிறக்கத்தை இப்போது எப்படிச் சரிசெய்கிறார்கள்

விசுவமடுவில் இருக்கிற என் மாமா ஏழெட்டு வருசம் சாரத்தை இறுக்கிக் கட்டியே காலத்தை ஓட்டினார். வலது பக்கத் தொடை இடுக்கில் தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் போய்விடும், இருமினால் தள்ளும். காலபோக அறுவடையில் மூட்டை ஏற்றும்போது மட்டும் ஒரு கையால் சாரத்துக்கு மேலாக அந்த இடத்தை அமத்திப் பிடித்துக்கொள்வார், நாங்கள் இடுப்பு வலி என்றுதான் நினைத்தோம். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை, கூச்சம். கடைசியில் நான் கேட்டபோது, "அது ஒண்டும் செய்யாது தம்பி, உள்ளுக்குத் தள்ளிவிட்டாச் சரி" என்றார். அந்த வார்த்தை எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று தேடிப் படிக்கப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன வீக்கம்? வயிற்றின் முன்சுவர் தசையும் உறுதியான நார்ப் படலங்களும் அடுக்கடுக்காக அமைந்தது. ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது அதன் விதைகள் முதலில் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன, பிறகு தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கிய பாதை பின்னால் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுதாக மூடாது, மூடியவர்களுக்கும் அந்த இடம் மற்ற இடத்தைவிட மெலிந்துதான் இருக்கும். அந்த மெலிவு வழியாகக் குடலோ அதைச் சுற்றியிருக்கும் கொழுப்போ வெளியே தள்ளினால் அதுதான் குடலிறக்கம், ஆஸ்பத்திரியில் ஹேர்னியா என்பார்கள். ஆண்களில் 100 பேருக்கு 27 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைச் சந்திக்கிறார்கள், பெண்களில் 3 பேர். உலகம் முழுக்க வருசத்துக்கு 2 கோடிக்கும் மேலான பேருக்கு இந்த ஒப்பரேசன் நடக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை ஏன் ஒளித்து வைக்கிறோம் என்று எனக்கு உண்மையில் விளங்கவில்லை.

மூட்டை தூக்கினதால்தான் வந்தது என்று ஊரில் சொல்வோம். ஆனால் அதே 70 கிலோ மூட்டையைத் தூக்கின எல்லாருக்கும் வருவதில்லையே. மெலிவு பெரும்பாலும் முன்பே இருக்கிறது. பாரம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயதானவர்கள் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டு முக்குவது எல்லாம் உள்ளேயிருந்து தள்ளுகிற அழுத்தத்தைக் கூட்டுகின்றன. சிலருக்குத் தசைநாரைக் கட்டியெழுப்பும் கொலாஜன் என்ற புரதமே உறுதி குறைந்தது. புகைத்தல் அதை இன்னும் கெடுக்கும்.

சரி, ஓட்டையை எப்படி மூடுவது? 1880களில் இத்தாலியின் பதுவா நகரத்தில் பஸ்ஸினி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வெளியே வந்ததை உள்ளே தள்ளி, ஓட்டையின் இரண்டு பக்கத் தசைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு உலகம் இந்த வழியிலும் இதன் திருத்தங்களிலும்தான் நடந்தது. அதற்கு முன்பு இருந்த நிலைமையோடு பார்த்தால் அது பெரிய விசயம். ஆனாலும் ஒரு குறை, தைத்த இடம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

மாமி கிழிந்த உரப்பை தைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பையின் ஓரத்திலிருந்தே ஒரு இழையை உருவி எடுத்துச் சாக்கூசியில் கோப்பார். ஓட்டை விரல் அளவு என்றால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து நாலு தையல். உள்ளங்கை அளவு என்றால் அப்படிச் செய்ய மாட்டார், ஏனென்றால் இழுத்துச் சேர்த்துத் தைத்த பையில் நெல்லைப் போட்டுத் தூக்கினதும் ஊசி போன துளைகளே கீறலாக நீண்டு பழையபடி பிய்ந்துவிடும். அதனால் வேறொரு பழைய பையில் ஓட்டையைவிடப் பெரிய துண்டாக வெட்டி, மேலே வைத்து, சுற்றி ஓரத்தில் மட்டும் தைப்பார், ஓட்டையின் விளிம்பைத் தொடவே மாட்டார்.

1980களில் லொஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைன் என்ற நிபுணரும் அவரது குழுவினரும் செய்தது இதைத்தான். தசையை இழுக்காமல், மெலிந்த இடத்துக்கு மேல் ஒரு வலைத் துண்டை விரித்து ஓரங்களில் பிடித்துவிட்டார்கள். அந்த வலை பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீனால் ஆனது. நம் வீட்டு மூலையில் கிடக்கிற உரப்பையும் அதே பிளாஸ்டிக் வகைதான், ஆனால் இதை வைத்தியத்துக்கு என்றே சுத்தமாகச் செய்து கிருமி நீக்கியிருப்பார்கள். வலைக்கண்களுக்குள் உடம்பின் சொந்த நார் வளர்ந்து ஊடுருவும், கம்பி வேலியில் கொடி பின்னிப் படர்கிற மாதிரி. சில கிழமைகளில் வலையும் தழும்பும் ஒன்றாகி ஒரு புதுச் சுவர் உண்டாகிவிடும். வலை வந்தபிறகு குடலிறக்கம் திரும்ப வருவது நன்றாகக் குறைந்தது.

அப்புறம் வந்தது கமரா முறை, லப்பரஸ்கோப்பி. மூன்று சிறு துளைகள் வழியாகப் போய் வலையைச் சுவரின் உட்புறத்தில் விரிக்கிறார்கள். ஒட்டுத் துண்டைப் பைக்கு உள்ளே வைத்தால் நெல்லே அதை அமத்திப் பிடிக்கும் அல்லவா, அதே கணக்கு. வலி குறைவு, கெதியாக வேலைக்குத் திரும்பலாம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், கருவிகள் வேண்டும், கை பழக நிறைய ஒப்பரேசன்கள் செய்திருக்க வேண்டும். குடலிறக்கச் சிகிச்சைக்கு என்று 2018இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே முறை என்று ஒன்றும் இல்லை, நிபுணரின் அனுபவம் முக்கியம் என்கிறது. ரோபோவை வைத்துச் செய்தால் இன்னும் நல்லதா என்று அமெரிக்காவில் கமரா முறையோடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். நேரமும் செலவும் கூடின, நோயாளிக்குத் தனி நன்மை எதுவும் தெரியவில்லை.

இப்போதைய ஆய்வுகளின் கவலை வேறொன்று, ஆறாத வலி. தொடை இடுக்கில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. தையலிலோ தழும்பிலோ அதில் ஒன்று மாட்டினால் மாதக்கணக்கில் எரிவும் குத்தலும் இருக்கும். ஒப்பரேசன் செய்தவர்களில் 10 முதல் 12 வீதமானோருக்கு ஓரளவு நீடித்த வலி இருக்கிறது என்று அதே வழிகாட்டி சொல்கிறது, காலம் போகப் பலருக்குக் குறையும். இதை ஒப்பரேசனுக்கு முன்னாலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பிறகு வலிக்கும்போது அந்த ஆள் பிழையாக வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார்.

வலைக்கு விலை அதிகம். இந்தியாவின் கிராமப்புற வைத்தியர்கள் சிலர் நுளம்பு வலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திப் பார்த்து 2003இல் எழுதினார்கள். பலர் நம்பவில்லை. பிறகு உகண்டாவில் 302 ஆண்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 100 டொலருக்கு மேல் விலையான வலை, மறுபாதிக்கு ஏறக்குறைய 1 டொலர் நுளம்பு வலைத் துண்டு என்று வைத்து 2016 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருசத்தில் நுளம்பு வலைக்காரர்களில் ஒரே ஒருவருக்குத் திரும்ப வந்தது, மற்றப் பக்கம் யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதே 2016இல்தான் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேரியாக் காய்ச்சலில் நடுங்கி நுளம்பு வலைக்குள் படுத்துக் கிடந்த வன்னிக்காரருக்கு இந்த இரண்டு செய்தியும் ஒரே வருசத்தில் வந்தது எனக்கு மறக்காது.

இன்னொரு வகையைச் சொல்லாமல் போனால் நம் ஊருக்கு எழுதினதாக இருக்காது. நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் தாண்டி நெட்டாகப் போகிற தழும்போடு எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள், செல் (எறிகணை) துண்டுக்காகப் போர்க்காலத்தில் வயிறு திறக்கப்பட்டவர்கள். அப்படித் திறந்து மூடிய இடம் பிறகு விரிந்து குடல் தள்ளலாம். நெதர்லாந்தில் 560 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, வயிற்றை மூடும்போது எப்படித் தைப்பது என்பதை மட்டும் பார்த்தது. ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பெரிய தையலாகப் போட்டவர்களில் ஒரு வருசத்தில் 21 வீதமானோருக்குக் குடல் தள்ளியது. 5 மில்லிமீற்றர் இடைவெளியில் நெருக்கமாகச் சின்னத் தையல் போட்டவர்களில் 13 வீதம். கூடுதல் கருவி எதுவும் இல்லை, கூடச் சில நிமிடப் பொறுமை மட்டும்தான்.

இனி மாமா சொன்னதற்கு வருகிறேன். வலி அதிகம் இல்லாத 720 ஆண்களை வட அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்தார்கள், ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேசன், மற்றவர்களுக்குப் பொறுத்திருத்தல். பொறுத்திருந்தவர்களில், வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் இறுகி ஆபத்தானது 1000 பேருக்கு வருசத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே ஆண்களுக்கு, வலி இல்லையென்றால், வைத்தியர் பார்த்துவிட்டுச் சொல்லிப் பொறுத்திருப்பது பிழையில்லை. ஆனால் பத்து வருசம் போனபோது மூன்றில் இரண்டு பங்குபேர் வலி கூடி ஒப்பரேசனுக்கே வந்துவிட்டார்கள். மாமாவும் அந்தக் கணக்கில்தான் வந்தார். முதுகில் ஊசி, வலை, அடுத்த நாள் வீடு. அவருடைய பெரிய கேள்வி எப்போது வயலுக்குப் போகலாம் என்பதுதான், மாதக்கணக்கில் படுக்கச் சொல்கிற பழக்கம் இப்போது இல்லை, வலி விடுகிற அளவுக்கு மூன்று முதல் ஐந்து நாளிலேயே வழமையான நடமாட்டத்துக்குத் திரும்பலாம் என்கிறது வழிகாட்டி. பாரம் எப்போது என்பதைத் தைத்தவரிடமே கேளுங்கள்.

ஆயிரத்தில் இரண்டு என்பது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சின்ன எண். ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ உள்ளே, இரவில் யானை நிற்கிற காட்டுப்பாதை ஊரில் இருக்கிறவர் அதை அப்படி எடுக்கக்கூடாது என்பது என் எண்ணம், தள்ளிப்போடாமல் பகலிலேயே கிளினிக்கில் நாள் வாங்கி வைப்பது நல்லது. பெண்களுக்கு இறுகும் ஆபத்து கூட, அவர்கள் காத்திருக்கவே வேண்டாம். வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் ஒரு நாள் போகாமல் கல்லாக இறுகி, தொட்டாலே வலித்து, சத்தியும் வந்தால், குடலுக்கு இரத்தம் போவது நின்றுகொண்டிருக்கலாம், மணித்தியாலக் கணக்குத்தான் இருக்கிறது. பலமாக அமத்தித் தள்ளாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆஸ்பத்திரி போகும்வரை தேத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வயிறு வெறுமையாக இருக்க வேண்டும்.