எளிய மலையிலும் இறக்கத்தில் கவனம் தேவை

முழங்கால் வலியோடு இயன்முறை மருத்துவரான என்னிடம் வரும் மலைநடைப் பிரியர்களில் பலர், கடினமான பாறைச் சரிவுகளில் ஏறியவர்கள் அல்லர். புல்வெளியும் மரநிழலும் நிறைந்த எளிய மலையொன்றில் ஒரு பகல் முழுவதும் நிதானமாக நடந்து, மன நிறைவோடு வீடு திரும்பியவர்கள். ஏறும்போது எந்தச் சிரமமும் இருக்கவில்லை என்றே ஏறத்தாழ எல்லோரும் சொல்கிறார்கள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் உடல் களைப்பதை உடனே உணர்ந்து நின்றுவிடுகிறோம். இறக்கத்திலோ மூச்சு சீராக இருக்க, தொடையின் முன்புறத் தசை மட்டும் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கி, நீண்டுகொண்டே நம்மைத் தடுத்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. இவ்வாறு நீண்டபடியே சுமை தாங்கும் தசையின் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அதன் வலி அப்போதே தெரியாமல், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டுவதால்தான், மலையில் துள்ளி இறங்கியவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாடிப்படி இறங்கத் தடுமாறுகிறார். இந்த வலி பெரும்பாலும் சில நாள்களில் தானே தணிந்துவிடும். அதற்காகப் படுத்தே இருக்க வேண்டியதில்லை, மெல்ல நடக்கலாம். ஆனால் மூட்டு வீங்கினாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ, கடும் தசைவலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நிறம் மாறிய சிறுநீர், தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயத்தைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம்.

இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகால் பின்னால் பொருந்தும்படி காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையெனில் பாதம் முன்னே சறுக்கி நகங்கள் அடிபடும். முழங்காலைச் சற்றே மடக்கியபடி சிறு அடிகளாக வையுங்கள். ஊன்றுகோல்கள் முழங்காலின் சுமையைக் கணிசமாகக் குறைப்பதால், வயது எதுவாயினும் அவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தச் சொல்வேன்.

நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு மூன்று மணி நேரம் என்றாலும், அது பழகிய கால்களுக்கு, ஓய்வு சேர்க்காத கணக்கு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வதே நல்லது. களைத்த கால்களோடு மங்கும் வெளிச்சத்தில் அவசரமாக இறங்கும்போது கணுக்கால் எளிதில் பிசகும். எனவே உச்சியை அடையாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு முறை வலித்ததற்காக மலையையே கைவிடுபவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறக்கத்தின் சுமையை ஒருமுறை சந்தித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையைக் குறைந்த பாதிப்போடு தாங்கும். முதன்முறை செல்பவர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே மாடிப்படிகளில் மெதுவாக இறங்கிப் பழகினால், இந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதியை மலைக்குப் போகும் முன்பே பெற்றுவிடலாம்.