ஆங்கில வாக்கியத்தில் யார் எங்கே உட்கார வேண்டும்?

காட்பாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள், நர்சிங் படிக்கும் பெண்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கும் தம்பி ஒருவர் போனை நீட்டினார். மேனேஜருக்கு அவர் அனுப்பிய மெயில். "டேனரி பிளேமிங் பையர்" என்று எழுதியிருந்தார். டேனரி என்பது தோல் பதனிடும் ஆலை, பையர் என்பது சரக்கு வாங்குகிறவர். அதைப் படித்த மேனேஜர் உடனே டேனரிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டுவிட்டாராம்.

"நான் எழுதினதுல என்ன சார் தப்பு?"

தமிழில் சொல்லுங்கள் என்றேன்.

"டேனரியத்தான் சார் பையர் குறை சொல்றாரு."

அதை அப்படியே பலகையில் எழுதி, 'டேனரியை' என்பதன் கடைசியில் இருக்கும் 'ஐ'யை வட்டமிட்டேன். குறை சொல்லப்படுவது டேனரி என்று நமக்குச் சொல்வது அந்த ஓர் உருபுதான். ஆங்கிலத்துக்குப் போனதும் அது உதிர்ந்துவிட்டது. வினைச்சொல் நடுவில் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தமிழில் முதலில் வந்த சொல்லை ஆங்கிலத்திலும் முதலில் வைத்துவிட்டார். குறை சொன்னவரும் சொல்லப்பட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்.

இருபது டென்ஸ் அட்டவணைகளை மனப்பாடம் செய்தவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 'ரவி கோபியை அடித்தான்' என்பதில் உள்ள மூன்று சொற்களை ஆறு விதமாக மாற்றிப் போடலாம். எப்படிப் போட்டாலும் அடி வாங்கியவன் கோபிதான். 'ரவி ஹிட் கோபி' என்பதை ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள், அடி ரவிக்கு விழுந்துவிடும். ஆங்கிலத்தில் சொல் உட்கார்ந்திருக்கும் இடம்தான் உருபு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு உருபுகள் உண்டு. காலப்போக்கில் அவை பெரும்பாலும் தேய்ந்துபோயின. ஹி–ஹிம், ஐ–மீ போன்ற சில சொற்களில் மட்டும் மிச்சம் தெரிகிறது. தேய்ந்த உருபின் வேலையை வரிசை எடுத்துக்கொண்டது. அதனால் எழுவாய் முதலில், வினை அடுத்து, செயப்படுபொருள் அதன் பின்னால். இந்த மூன்று இருக்கைகளை முதலில் நிரப்பச் சொல்வேன். எப்போது, எங்கே, எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

எழுவாய் இருக்கையைக் காலியாக விடவும் கூடாது. தமிழில் 'வந்தேன்' என்றாலே வந்தது நான் என்று தெரிந்துவிடும். 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, அவர்களா? 'மழை பெய்கிறது' என்பதை 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறோம். அந்த 'இட்' எது சார் என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்தத் துண்டுதான் 'இட்'. அதற்கென்று தனியாகப் பொருள் கிடையாது, இடத்தைக் காக்கிறது.

வினை இருக்கையும் இப்படித்தான். 'அவர் என் மாமா' என்பதில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் அது முழு வாக்கியம். 'ஹி இஸ் மை அங்கிள்' என்பதை 'ஹி மை அங்கிள்' என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான், கவனக்குறைவு இல்லை. இதைத் திருத்தித் திருத்திப் பயமுறுத்தினால் பிள்ளைகள் எல்லா இடத்திலும் ஒரு 'ஆம்' சேர்த்து 'ஐ ஆம் ஒர்க் இன் ராணிப்பேட்டை' என்பார்கள். 'ஒர்க்' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சீட்டில் 'ஆம்' எதற்கு என்று கேட்டால் புரிந்துகொள்கிறார்கள்.

நீளமான வாக்கியம்தான் எல்லோருக்கும் பயம். 'நேற்று ஆம்பூரில் வாங்கிய ஷூ டைட்டாக இருக்கிறது.' எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஷூவைப் பற்றி. அங்கிருந்து வலமிருந்து இடமாக நடந்து பாருங்கள்: ஷூ, வாங்கிய, ஆம்பூரில், நேற்று. ஆங்கிலமும் அதே வரிசைதான்: 'த ஷூஸ் தட் ஐ பாட் இன் ஆம்பூர் யெஸ்டர்டே'. 'ஆம்பூரில்' என்ற ஒரு சொல்கூட உள்ளுக்குள் திரும்பிக்கொள்கிறது. நம் 'இல்' ஊருக்குப் பின்னால் நிற்கிறது, அவர்களுடைய 'இன்' ஊருக்கு முன்னால். பிறகு 'ஆர் டைட்' என்று முடித்துவிடலாம். கண்ணாடியில் பார்ப்பது போல ஒரு மொழி இன்னொன்றில் தெரிவதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குடியாத்தம், வாலாஜா என்று எங்கிருந்து வந்தாலும் "தமிழ் மீடியம் சார், அதான் வரல" என்று பிள்ளையை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றையும் தமிழில் சட்டென்று காட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லித்தருவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. முப்பது நாள் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், வீட்டில் தமிழ்ச் செய்தித்தாளை எடுத்து ஒரு வாக்கியத்தில் யார், என்ன செய்தார், யாரை அல்லது எதை என்று கேட்டுப் பாருங்கள். தினமும் ஐந்து வாக்கியம் போதும்.

அந்த ஷூ கம்பெனித் தம்பி அடுத்த வாரம் இன்னொரு மெயிலைக் காட்டினார். "பையர் இஸ் பிளேமிங் டேனரி ஃபார் கலர் டிஃபரன்ஸ்." எங்கேயும் ஒரு 'த' இல்லை. ஆனால் யார் யாரைச் சொல்கிறார், எதற்காக என்பதில் சந்தேகமே இல்லை. அனுப்புங்கள், 'த'வை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.